என்ன, எங்கே, எதனால், யாரால்

செப்டம்பர் 29, திங்கள்

நூறு மணி நேரம் பறந்ததும் செய்கிற சோதனை கிலோ லிமாவுக்கு இன்று முடிந்தது. எங்கள் பயிற்சிப் பள்ளியில் பறக்கிற நிலையில் இருக்கும் ஒரே விமானம் அது. பதிவெண்ணின் கடைசி இரண்டு எழுத்துகளை வைத்து அப்படிக் கூப்பிடுகிறோம். இன்னொன்று, எக்கோ, விமானக் கொட்டகையான ஹேங்கரின் பின்மூலையில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. அதை விமானம் என்பது ஒரு மரியாதைக்காக. உண்மையில் அது உதிரிபாகக் கடை.

சோதனையில் தகராறு இல்லை. எழுதுவதில்தான் தகராறு. தாணுமாலயன் சார் எங்கள் தலைமைப் பொறியாளர். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை இங்கே அவருக்கு மட்டும்தான். லாக்புக்கில் ஆங்கிலத்தில் அவர் எழுதுவதைத் தமிழில் சொன்னால் மூன்றே சொல்: ‘சரி பார்த்தேன். நன்று.’ பிரேக் பட்டை மாற்றினாலும் அதுதான், எலி கடித்த ஒயரை மாற்றினாலும் அதுதான். நாளைக்கு இறக்கை கழன்று விழுந்து, அதை எடுத்து மாட்டினாலும் அதையே எழுதுவார்.

இப்படி எழுதுவது பதிவு இல்லை, ஆசீர்வாதம் என்று அவரிடம் சொன்னேன். அவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, விமானம் பறக்குதா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

மதியம் ஓர் அறிவிப்பு தட்டச்சு செய்து ஹேங்கர் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு பதிவிலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: என்ன பழுது, எங்கே, எதனால், யாரால். ‘யாரால்’ என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.

பத்தாம் தேதி சென்னையிலிருந்து விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆய்வாளர் வருகிறார். விமானத்துக்கு வருடாந்திரப் பரிசீலனை. அன்றே எனக்கும் வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வெல்லாம் எப்போதோ முடித்துவிட்டேன். என் அனுபவப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தாணு சார் கையெழுத்துப் போட்டு, ஆய்வாளரும் சரி என்றால் லைசென்ஸ். தவறினால் அடுத்த வருடம் அவர் வரும்வரை, இளம்பரிதி, பி.இ., ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஒரு நாள் வேலை வீண்.

கிலோ லிமாவின் மூக்கில் மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பயிற்றுநர் கேப்டன் லூர்து தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். பூசணிக்காய் உடைக்க அவர்தான் முதலில் நின்றார். ‘மேல போற பொருளுக்கு எல்லார் சப்போர்ட்டும் வேணும்டே’ என்றார்.

நான் கருப்புச் சட்டைக்காரர் மகன். ஓரமாக நின்று டயர்க் காற்றைப் பதிந்துகொண்டிருந்தேன். தாணு சார் சும்மா விடுவாரா? சந்தனக் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டார். ‘நீதான் எதையும் விட்டுப் போகாமச் செய்யுத ஆளாச்சே. பொட்டு வைடே.’

வைத்தேன். செய்கிற வேலையை முறையாகச் செய்ய வேண்டும். மூக்கிலிருந்து வால்வரை ஒரு சுற்று. கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்த எதையும் விடவில்லை. சக்கரக் குடங்கள், எரிபொருள் மூடி, விளக்குகள், இடப்பக்கம் கதவுக்கு முன்னால் சட்டைப் பித்தான் அளவில் இருக்கும் வட்டம், எல்லாவற்றுக்கும் ஒன்று. மேலே குங்குமம். தாணு சார் ஒரு சக்கரம் முடிப்பதற்குள் நான் முழு விமானத்தையும் முடித்துவிட்டேன். இங்கே யாருக்கும் வேகம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

அவர் விமானி இருக்கையிலும் பொரி தூவினார். கண்டித்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. பொரி.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் தினசரிச் சோதனை நான் செய்தேன். பட்டியலில் எல்லா வரிக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். பொட்டும் பூவுமாகக் கிலோ லிமா கல்யாணப் பெண் மாதிரி நின்றது. சகிக்கவில்லை.

ரிஸ்வானாவும் கேப்டனும் பறந்தார்கள். ரிஸ்வானா மேலப்பாளையத்துப் பெண். பயிற்சி மாணவிகளில் எனக்குப் பதிலுக்குப் பதில் பேசுகிற ஒரே ஆள்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். உயரமானி நகரவே இல்லையாம். பனைமரங்கள் கீழே தீக்குச்சியாகத் தெரிகிறபோதும், தரையிலேயே நிற்கிறோம் என்று அது சாதித்திருக்கிறது. மேலே ஏற ஏற வேகமானியும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கேப்டன் எஞ்சின் சத்தத்தையும் கண்ணையும் நம்பி இறக்கியிருக்கிறார். இறங்கியதும் நேராகப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். வானம் நன்றாகத் தெளிந்த நாள். மேகத்துக்குள் போயிருந்தால் என்ற வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை.

ரிஸ்வானா பழுதை லாக்புக்கில் எழுதினாள். என்ன, எந்த உயரத்தில், எப்போது தொடங்கியது, எல்லாம் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய் என்றேன்.

‘யாரால்ங்கறத மட்டும் உங்களுக்கு விட்டு வச்சிருக்கேன்’ என்றாள்.

அக்டோபர் 4, சனி

இரண்டு மானிகளும் ஒன்றாகப் படுத்தால் குற்றம் மானியில் இல்லை. இரண்டும் ஒரே குழாய் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கின்றன. அந்தக் குழாய் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையில் முடிகிறது. அதற்கு ஸ்டாட்டிக் துளை என்று பெயர். மூச்சு அடைபட்டால், தரையில் இருந்த காற்றையே உள்ளே வைத்துக்கொண்டு மானி பொய் சொல்லும். முதலாண்டுப் பாடம்.

எனவே முதலில் துளையைப் பார்த்தேன். சுத்தம். நேற்று மாலை பேச்சித்தாய் அக்கா ஈரத்துணி போட்டு விமானம் முழுக்க அழுத்தித் துடைத்து, பொட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டார். ஹேங்கரைக் கூட்டுவது, விமானம் கழுவுவது, டீ போடுவது மூன்றும் அவர்தான். கிலோ லிமாவின் கிரீம் நிறம் பளபளவென்று இருக்கிறது. துளை இருக்கும் இடமும் அதே கிரீம் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

ஆக, அடைப்பு உள்ளே. நாளை, மானிகள் பொருத்திய முகப்புப் பலகையைக் கழற்றுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

முகப்புப் பலகைக்குப் பின்னால், குழாய் வளைகிற இடத்தில், பொரி. ஒரு கைப்பிடி தேறும். ஒரு பொட்டுக்கடலையும் இருந்தது. சொன்னேன், கேட்டார்களா?

லாக்புக்கில் அந்த நிமிடமே எழுதினேன். என்ன: அந்நியப் பொருள், பொரி. எங்கே: முகப்புப் பலகையின் பின்புறம். எதனால்: ஆயுத பூஜையின்போது விமானி அறையில் தூவப்பட்டதால். யாரால்: தலைமைப் பொறியாளர் திரு. தாணுமாலயன். நல்ல மையில், தெளிவான கையெழுத்தில்.

தாணு சார் மாலை வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார்.

‘முப்பது வருசமா கையெழுத்து போடுதேன். என் பேரு பழுதுக் கட்டத்துல வந்தது இதான் மொத தடவை’ என்றார்.

பதிவு என்றால் பதிவுதான் சார் என்றேன்.

‘சரிடே. ஆனா பொரி குழாய்க்கு வெளிய கெடந்ததா, உள்ள கெடந்ததா?’

வெளியே. குழாயை நசுக்கியிருக்கலாம் என்றேன்.

‘பொரி நசுக்குமா?’ என்றார். ‘குழாயச் சோதிக்க மதுரைலேர்ந்து டெஸ்டர் மெஷின் வரட்டும். காரணம் பொரின்னா நான் தலகுனிஞ்சு ஒத்துக்கிடுதேன். பொரி இல்லன்னா, நெசக் காரணத்தை இதே மாதிரி, இதே நாலு கேள்வியோட, பேரோட எழுது. எழுதுன பொறவு உன் புஸ்தகத்துல கையெழுத்து. அதுவரைக்கும் அது என் மேசைல இருக்கட்டும்.’

என் அனுபவப் புத்தகத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குப் பயமில்லை. பொரிதான்.

அக்டோபர் 6, திங்கள்

டெஸ்டர் பஸ்ஸில் வருகிறது. துளையின் மேல் கிண்ணத்தைப் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் மானிகள் நகர வேண்டும். நகரும். கேப்டன் என்னைப் பார்த்தபோதெல்லாம் பொரி இருக்கா என்று கேட்டார். மாணவர்கள் விசிலடிக்கிறார்கள். ஆயிரம் பேசட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

டெஸ்டர் வந்தது. துளையில் பொருத்தக் குனிந்தேன். வாசனை வந்தது.

இன்று எழுத வேறொன்றும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அக்டோபர் 8, புதன்

டெஸ்டர் பழுது என்று நேற்று மாலை சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போட்டேன். டெஸ்டர் நல்ல நிலையில்தான் இருந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போனதும் நான் மட்டும் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். ஸ்டாட்டிக் துளையை ஊசி போட்டுக் குத்தக் கூடாது. விளிம்பு கெட்டால் மானி நிரந்தரமாகப் பொய் சொல்லும். எனவே உள்ளே குழாயைக் கழற்றி, சொட்டு நீர் விட்டு ஊறவைத்து, வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றை அனுப்பினேன்.

வந்து விழுந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கிரீம் நிறத்தில், மிளகளவு. முகர்ந்தால் மீனாட்சியம்மன் கோயில் பிரகாரம்.

விமானத்துக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. டெஸ்டரில் இரண்டு மானிகளும் ஒழுங்காக ஏறி இறங்கின. இனி அதை எழுத வேண்டும்.

முதல் வரைவு: ‘துளையில் அடைப்பு நீக்கப்பட்டது.’ தாணு சார் படித்துவிட்டு, என்ன அடைப்பு என்றார்.

இரண்டாவது: ‘தாவரவியல் மூலத்தைச் சேர்ந்த இயற்கைப் பொருள்.’

‘அதென்னடே? சாணியா?’

மூன்றாவதைக் காட்டவில்லை. கிழித்துவிட்டேன். லாக்புக்கில் எழுதினால் கிழிக்க முடியாது. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். அந்த விதியை யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் மனம் இரங்காதவர்கள்.

என் உள்ளங்கை வாசனையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்ட கேப்டன் லூர்து நல்ல எண்ணத்தில் ஒரு வழி சொன்னார். துடைக்கும்போது உள்ளே போய்விட்டது என்று எழுதிவிட்டால் போதும். அது பொய்யும் இல்லை. அக்கா துடைத்தது எல்லாருக்கும் தெரியும். ‘யாரால்’ கட்டத்தில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்று ஒரு சொல். ஆய்வாளர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

எனக்கும் அது நன்றாகத்தான் பட்டது. அதை மறுப்பதற்கு நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது பேச்சித்தாய் அக்கா டீ கொண்டுவந்தார். பாதிப் பேச்சு காதில் விழுந்திருக்கிறது.

‘அந்த ஏரோப்பிளேன் புஸ்தகத்துல என் பேரா தம்பி எழுதப் போறிய?’ என்று கேட்டார்.

டம்ளர்களை வரிசையாக மேசையில் வைத்தார்.

‘முழுசா எழுதுங்க. ம. பேச்சித்தாய். மருதப்பன் மக. எங்க வீட்டுக்காரரு, நான் இங்க வெறும் விளக்குமாறு பிடிக்கன்னு சொல்லிட்டுத் திரியுதாரு. சென்னைலேர்ந்து வாற அம்மா அதப் படிப்பாவளா?’

படிப்பார்கள் அக்கா என்றேன். டீ ஆறிவிட்டது. பேனாவை மூடி வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

தூங்கவில்லை என்று எழுதமாட்டேன். கொசு.

காலையில் ரிஸ்வானாவிடம் ஒன்று கேட்டேன். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிற பட்டியலில் ‘ஸ்டாட்டிக் துளை, அடைப்பின்றி’ என்று ஒரு வரி உண்டு. அன்று அதற்கு அவள் டிக் போட்டிருக்கிறாளே, பார்த்தாளா?

‘பார்த்தேன். அதுல சந்தனப் பொட்டு இருந்துச்சு. மத்தவங்க சாமி விஷயம். நான் போய் எப்படிச் சுரண்டுறது?’

கேப்டனும் அதே துளையை அதே காலையில் பார்த்து அதேபோல டிக் போட்டிருக்கிறார். அவரைக் கேட்டேன். ‘எனக்கும் அதேதான்டே. வேதக்காரன் வந்து பொட்ட அழிச்சான்னு ஒரு பேச்சு வேணுமா?’ என்றார்.

அவர்களுக்கு முன்னால் டிக் போட்டவன் நான். எனக்குச் சாமி கிடையாது. அதனால் பொட்டை மதித்தேன் என்று சொல்லக்கூட வழியில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவே இல்லை. மூன்று பேர், மூன்று விதம், ஒரே துளை.

மதியம் லாக்புக்கை எடுத்தேன். முதலில் பொரிப் பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். தாணு சாரின் பெயர் கோட்டுக்கு அடியிலும் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே எழுதினேன்.

என்ன: ஸ்டாட்டிக் துளையில் உலர்ந்த சந்தனம். எங்கே: இடப்பக்கம், கதவுக்கு முன்னால். எதனால்: ஆயுத பூஜையன்று, அது என்ன துளை என்று பார்க்காமல் பொட்டு வைக்கப்பட்டதால், மூன்றாம் தேதிப் பறப்பின் தினசரிச் சோதனையில் அதைக் காணாமல் விட்டதால், பின்னர் வெறுங்கண்ணால் பார்த்துச் சுத்தம் என்று முடிவு செய்ததால். யாரால்:

இங்கே பேனா மை தீர்ந்துவிட்டது. உண்மையாகவே தீர்ந்தது. வேறு பேனா வாங்கி வந்து எழுதினேன்: மூன்றும் இளம்பரிதியால்.

தாணு சார் படித்தார். குழாய், மானி எல்லாவற்றையும் டெஸ்டர் போட்டுத் தானே ஒருமுறை சோதித்தார். பிறகு புளியோதரையில் பாதியை என் பக்கம் தள்ளினார். என் அனுபவப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. புளியோதரையில் காரம் அதிகம்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆய்வாளர் வைதேகி மேடம். ஒல்லியான ஆள், தோளில் கனத்த பை. வந்ததும் டீ வேண்டாம் என்றார். லாக்புக் வேண்டும் என்றார்.

பக்கம் பக்கமாகப் படித்தார். ‘சரி பார்த்தேன். நன்று’ என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தாணு சார் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கம் வந்தது. பென்சில் நின்றது. அவர் அடித்த வரியைப் படித்தார், அடிக்காத வரியைப் படித்தார், திரும்ப அடித்த வரிக்குப் போனார். முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். அது இருமல் மாதிரி இல்லை.

‘துளையில் குளவிக் கூடு பார்த்திருக்கேன். மெழுகு பார்த்திருக்கேன். பெயின்ட் அடிக்கிறப்ப ஒட்டின டேப்பை அப்படியே விட்டதைப் பார்த்திருக்கேன். அங்கெல்லாம் அடைப்பு நீக்கப்பட்டதுன்னுதான் எழுதியிருப்பாங்க’ என்றார். ‘யார் இளம்பரிதி?’

எழுந்து நின்றேன்.

என் வாய்மொழித் தேர்வு விமானத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. எஞ்சின் பற்றியும் எரிபொருள் பற்றியும் கேட்டார். சொன்னேன். கடைசிக் கேள்வி.

‘ஸ்டாட்டிக் துளையைக் காட்டுங்க.’

விரலால் தொடாமல் காட்டினேன்.

‘பறக்கத் தயாரா இருக்குன்னா அது எப்படி இருக்கணும்?’

அடைப்பில்லாமல், விளிம்பு சேதமில்லாமல், பளிச்சென்று என்றேன். கொஞ்சம் நிறுத்தி, ‘வாசனை இல்லாமல்’ என்றேன்.

மறுபடி கைக்குட்டை.

அனுபவப் புத்தகம் எங்கே என்று கேட்டார். தாணு சார் எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துவந்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. அடியில் நேற்றைய தேதி. நேற்றே போட்டிருக்கிறார். மேலே என்னைப் பற்றி அவருடைய மூன்று சொற்கள்: ‘சரி பார்த்தேன். நன்று.’

என்ன, எங்கே, எதனால் என்று நான் கேட்கவில்லை.

மேடம் தன் கையெழுத்தைப் போட்டார். கிலோ லிமாவுக்கும் போட்டார். ஆனால் போகும்போது, பழுது சரியானது போதாது, திரும்ப வராமல் இருக்க என்ன செய்தீர்கள் என்ற பதில் திங்களுக்குள் சென்னைக்கு வர வேண்டும் என்றார். பூஜையை நிறுத்திவிடுகிறோம் என்று வாயெடுத்தேன்.

‘நிறுத்தச் சொல்லலை. சோதிக்கச் சொன்னேன்’ என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

பராமரிப்பு அட்டவணையில் புதிய வரி சேர்ந்துவிட்டது: ‘ஆயுத பூஜைக்குப் பிந்தைய சோதனை. ஆண்டுக்கு ஒருமுறை.’ கூடவே ஒரு வரைபடம். விமானத்தின் இரு பக்கங்களும், பொட்டு வைக்கத்தக்க இடங்கள் பச்சையில், கூடாத இடங்கள் சிவப்பில். பொட்டின் அதிகபட்ச விட்டத்தையும் குறித்திருக்கிறேன். பொரிக்குத் தனிக் குறிப்பு: வெளியே மட்டும். தாணு சார் அந்த வரியை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

ஆங்கிலப் பிரதி சென்னைக்குப் போயிற்று. தமிழ்ப் பிரதியை ஹேங்கர் சுவரில், என் பழைய அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதில் மூன்று பொறுப்புகள். பொட்டு வைப்பவர்: கேப்டன் லூர்து. துளையில் டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்பவர்: இளம்பரிதி. உலர்ந்த துணியால், துளையை விட்டுச் சுற்றித் துடைப்பவர்: பேச்சித்தாய்.

ரிஸ்வானா படித்துவிட்டு, பொட்டு வைக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கியதற்கு ஆணையத்துக்கு நன்றிக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னாள்.

பேச்சித்தாய் அக்கா விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு வந்தார். தன் பெயர் இருக்கிற வரியை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது. போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொன்னார். நான் போனை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

‘தம்பி, மானாவைக் காணோமே. சொன்னேம்லா, மருதப்பன் மக.’

பேனாவை எடுத்தேன். பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே ‘ம. பேச்சித்தாய்’ என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, கையெழுத்திட்டேன். அடித்ததும் படிக்கத் தெரிகிறது.